டெலிவிஷனுக்கு ஏற்ற ஸ்டாண்டு எது?

புதிதாக ஒரு டெலிவிஷன் வீட்டுக்குள் வந்துவிட்டால், உடனே எழும் கேள்வி, "இதை எதன்மேல் வைப்பது?" என்பதுதான். கடைக்குப் போனால் சுவர் முழுவதையும் அடைக்கும் அலமாரிகள் கண்ணைப் பறிக்கின்றன. கண்ணாடியும் விளக்கும் வைத்து ஜோடித்திருக்கிறார்கள். விலையைக் கேட்டால் டெலிவிஷனின் விலையையே எட்டிப் பிடிக்கிறது! "தவணையில் கட்டலாமே" என்று கடைக்காரர் ஆசை காட்டுகிறார். நாலு பேர் வந்து போகிற வீடு என்று குடும்பத்தலைவரும் தலையை ஆட்டிவிடுகிறார்.

இது அவசியந்தானா?

சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொலைக்காட்சி நிலையம் துவங்கியபோது, டெலிவிஷன் என்பது இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம். மரக்கூடும் கதவும் கொண்ட பெட்டிகளும் உண்டு. அதற்குப் பலமான மேஜை தேவைப்பட்டது. இன்றோ 32 அங்குல டெலிவிஷன் நாலைந்து கிலோதான். ஒரு கைப்பிள்ளையின் எடை. பாரம் குறைந்த பிறகும் தாங்குகிற ஸ்டாண்டு மட்டும் பெருத்துக்கொண்டே போவது வேடிக்கை அல்லவா?

அளவே அழகு

ஸ்டாண்டின் அழகு பளபளப்பில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. டெலிவிஷனுக்குச் சொல்லும் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளந்தது. 32 அங்குலம் என்றால் திரையின் அகலம் சுமார் 28 அங்குலம். 43 அங்குலம் என்றால் சுமார் 38 அங்குலம். பெரும்பாலான புதிய டெலிவிஷன்களுக்குக் கால்கள் இரு ஓரங்களிலும் இருப்பதால், முந்தையதற்கு மூன்றடியும், பிந்தையதற்கு மூன்றரை முதல் நான்கடியும் அகலம் வேண்டும். ஆழம் ஒன்றே காலடி போதும்.

உயரத்தை நிர்ணயிப்பது பார்க்கிறவர்களின் கண். நாற்காலியில் அமர்கிற வீட்டுக்கு இரண்டு, இரண்டேகால் அடி உயரம் சரி. பாய் விரித்துத் தரையில் அமர்கிற வீட்டுக்கு ஒன்றரை அடி போதும். அண்ணாந்து பார்த்தால் வலிப்பது கழுத்துதான்.

மலிவும் மலிவல்லாததும்

விலை குறைந்த ஸ்டாண்டுகள் பல, மரத்தூளையும் சிராய்களையும் பசை சேர்த்து அழுத்திய பலகையில் செய்தவை. மேலே மைக்கா ஒட்டியிருப்பதால் பார்க்க லட்சணமாக இருக்கும். வாரத்துக்கு நாலு நாள் ஈரத்துணியால் தரை துடைக்கிற வீட்டில், அடி விளிம்பில் நீர் ஏறிப் பலகை உப்பிவிடும். வாடகைக் குடித்தனக்காரர்களுக்கோ இன்னொரு தொல்லை. வீடு மாறும்போது கழற்றி மறுபடி பூட்டினால் திருகாணி பழைய பிடிப்போடு நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதிது வாங்குவது எந்தக் கணக்கில் சிக்கனம்?

அதைவிட, தெருக்கோடித் தச்சரிடம் நல்ல பிளைவுட்டிலோ, வேம்பு, பூவரசு போன்ற நாட்டு மரத்திலோ அளவு சொல்லிச் செய்யச் சொல்லலாம். ஒரு மேல்பலகை, ஒரு நடுத்தட்டு, துடைப்பம் நுழைய நாலு அங்குலக் கால், பின்புறம் ஒயர் போக ஒரு துவாரம்: வேலை அவ்வளவுதான். செட்டாப் பெட்டிக்குக் காற்று வேண்டும் என்பதால் தட்டைக் கதவு போட்டு மூடவும் வேண்டாம். பரணில் கிடக்கும் பாட்டி காலத்து மரப்பெட்டி, பழைய தையல் மெஷினின் இரும்புக் கால் இவற்றைத் தேய்த்து மெருகேற்றினால், கடையில் கிடைக்காத நாகரிகம் தானே வந்துவிடும்.

குழந்தை இருக்கும் வீடு

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இழுப்பறையைத் திறந்து அதையே படியாக்கி ஏறுவது குழந்தைகளின் சுபாவம். ஒல்லியாக உயர்ந்த ஸ்டாண்டு அப்போது முன்பக்கம் சாய்ந்துவிடும். 2006-இல் தொடங்கித் தமிழக அரசு வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டிகள் போன்ற பழைய ரகத்தில் கனமெல்லாம் திரைப் பக்கமே இருப்பதால், ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே ஸ்டாண்டு அகன்று தாழ்ந்திருக்க வேண்டும். கனமான பொருள்களை அடித்தட்டில் வைக்க வேண்டும். பொம்மையையும் பண்டத்தையும் மேலே வைக்கக்கூடாது. ஸ்டாண்டைச் சுவரோடு பிணைப்பது உத்தமம். துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், டெலிவிஷனை ஸ்டாண்டோடாவது வாரிட்டுப் பிணைக்கலாம்.

விருந்தினர் மெச்சுவது ஒரு நாள். தவணை கட்டுவது மாதாமாதம். அளவு பார்த்து, மரம் பார்த்து, குழந்தையை நினைத்து வாங்கிய எளிய ஸ்டாண்டுதான் வீட்டுக்கு லட்சணம்.