நீல மூடியையும் திறந்து பாருங்கள்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி துறைமுகத்துக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 மாசு விதிப்படி வரும் கனரக லாரிகளில், டீசல் டேங்குக்கு அருகே நீல மூடி போட்ட சிறு டேங்க் ஒன்று இருக்கும். அதில் ஊற்றுவதை ஓட்டுநர்கள் 'ஆட்புளூ' என்பார்கள்; சுருக்கமாக 'யூரியா' என்பார்கள். லாரி விடும் நச்சுக்காற்றை முறிப்பது அதுதான். புகைச் சான்றிதழ் தரும் சோதனையோ அந்தப் பக்கமே போவதில்லை. இது உடனே திருத்தப்பட வேண்டும்.

டீசல் எஞ்சினின் கடுஞ்சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. 32.5 சதவீத யூரியா கரைந்த ஆட்புளூ, சூடான புகைக்குழாயில் பீய்ச்சப்பட்டதும் அம்மோனியாவைத் தருகிறது. அடுத்துள்ள வினையூக்கியில், சியோலைட் என்னும் பொருளின் நுண்துளைகளுக்குள் அமர்ந்திருக்கும் செம்பு அயனிகள், அந்த அம்மோனியாவைக் கொண்டு ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகின்றன. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியைச் சுத்தம் செய்யும்போது எழும் 600 டிகிரி வெப்பத்தையும் தாங்குவது செம்பு சியோலைட்டின் சிறப்பு. பி.எஸ்.4 காலத்தில் கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமாக இருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, இத்தகைய வினையூக்கியை நம்பித்தான் 0.46 கிராமாகக் குறைக்கப்பட்டது.

இவ்வளவு நுட்பமான பொருளைக் கெடுப்பது எளிது. மானிய விலை உர யூரியாவை போர் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும். உர யூரியா முழுவதிலும் 2015 முதல் வேப்பெண்ணெய் பூசப்படுகிறது. உப்பான போர் தண்ணீரில் சோடியமும் கால்சியமும் இருக்கின்றன. பீய்ச்சும் முனையில் வெள்ளையாகப் படிந்து அடைப்பதோடு, இவை வினையூக்கியின் செம்பையும் முடக்கிவிடும். இந்தக் கலவையைக்கூட ஊற்ற வேண்டாம் என்போருக்கு, எல்லாம் சரியாக இருப்பதாக லாரியின் கணினியை ஏமாற்றும் 'எமுலேட்டர்' விற்கிறது.

புகைச் சோதனையில் இது எதுவும் சிக்காது. டீசல் வண்டிக்கு அங்கே அளப்பது புகையின் கருமையை மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடு கருப்பாக வருவதில்லை. 2015ல் ஃபோக்ஸ்வாகன் கார்களின் டீசல் புகை மோசடி வெளிப்பட்டபோதே, ஆய்வுக்கூட அளவும் சாலை அளவும் வேறு என்பதை உலகம் அறிந்துகொண்டது.

காற்று கெடுவது நகரத்தின் கவலை என்று கரிசல் சீமை ஒதுங்கிவிட முடியாது. கடும் வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடு தரைமட்ட ஓசோனை உருவாக்குகிறது. ஓசோன் நுரையீரலை மட்டும் பாதிப்பதில்லை. பருத்தி, பயறு வகைகளின் மகசூலையும் குறைக்கும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மழையை நம்பி பருத்தியும் உளுந்தும் பாசியும் விதைப்பவர்களுக்கு இன்னொரு இழப்பைத் தாங்கும் சக்தி கிடையாது. அவர்களுக்கான உர மூட்டை லாரி டேங்குக்குத் திருப்பிவிடப்படுவது இரட்டை அநீதி.

லாரி உரிமையாளர்களின் குறையிலும் நியாயம் உண்டு. ஒரு சென்சார் பழுதானால் எஞ்சினின் இழுவை குறைந்து வண்டி நடுவழியில் திணறுகிறது. பழுது நீக்கும் செலவோ அவர்கள் தலையில் விழுகிறது. தரமான கருவிக்கும் நியாயமான விலை உதிரிபாகத்துக்கும் தயாரிப்பாளர்களைப் பொறுப்பாக்காமல், ஓட்டுநரை மட்டும் மடக்கி அபராதம் போடுவது தீர்வாகாது.

ஆகவே மத்திய, மாநில அரசுகளிடம் நாம் கேட்பவை இவை. புகைச் சோதனையில் லாரியின் கணினிப் பதிவைப் படிப்பதும் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதும் கட்டாயமாக வேண்டும். எமுலேட்டரை மாட்டுபவருக்கு முன்பாக, விற்பவர் மீது வழக்கு பாய வேண்டும். நெடுஞ்சாலை பங்க்குகளில் விற்கும் ஆட்புளூவிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை வெளியிட வேண்டும். வினையூக்கிக்கான விலையை லாரி வாங்கியவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டிய கடமை அரசுடையது.