வெற்றியில் தாழும் தலை

துன்பத்தில் இறைவனை நாடாதார் அரியர். இன்பத்தில் நாடுவோரும் அரியரே. கி.பி. 630இல் மக்காவை வெற்றிகொண்டு நுழைந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், ஒட்டகத்தின்மீது தலைதாழ்த்தியே சென்றார்கள் என வரலாறு பகர்கிறது. மூன்றே வசனங்கள் கொண்ட 'அந்நஸ்ர்' அத்தியாயமும், வெற்றி வந்ததும் இறைவனைப் புகழ்ந்து பிழைபொறுக்க வேண்டுமாறே பணிக்கிறது. காரூனோ தன் செல்வம் தன் அறிவால் வந்ததென்றான். பூமி அவனை விழுங்கிற்று.

மாணவச் செல்வங்களே! தேர்வுக் காலத்தில் பள்ளிவாசலில் நிரம்பி வழியும் தொழுகை வரிசை, தேர்ச்சி முடிவு வெளியானதும் மெலிந்துவிடுகிறதே! கேட்டது கிடைத்ததும் கொடுத்தவனை மறப்பது முறையாகுமா? உழைப்பு நம் கடமை. பலன் அவன் அருள். பட்டமும் பதவியும் உங்களை வந்தடையும் நாளில்தான் அவன்பால் உங்கள் தேவை மிகுதி என்பதை உணர்வீர்களாக!