பனி எப்போது விழும்?

காஷ்மீரில் குல்மார்க் என்று ஒரு மலை ஊர் இருக்கிறது. பனிச்சறுக்கு விளையாட்டுக்கு இந்தியாவிலேயே பேர் போன இடம் அது.

2025-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி, "கேலோ இந்தியா" குளிர்காலப் போட்டிகள் அங்கே தொடங்குவதாக இருந்தது. எல்லா ஏற்பாடும் நடந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. அதுதான் பனி!

சறுக்குவதற்குப் போதிய பனி தரையில் இல்லை. போட்டி தள்ளி வைக்கப்பட்டது. பிப்ரவரி கடைசியில் பனி கொட்டியது. பிறகு மார்ச் 9 முதல் 12 வரை போட்டிகள் நடந்து முடிந்தன.

அதற்கு முந்திய ஆண்டும் இதே கவலைதான். 2024 ஜனவரியில் குல்மார்க் மலைச்சரிவுகள் காய்ந்த புல்லோடு கிடந்தன. வெள்ளைப் போர்வையைப் பார்க்கப் போனவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். ஜனவரி கடைசியில் வானம் இரங்கியது. பிப்ரவரியில் போட்டியும் நடந்தது.

பனி எப்போது வரும், எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா? சொல்கிறார்கள். ஆனால் சொல்வதைப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது.

ஏனாத்தூருக்கு என்ன சம்பந்தம்?

"பனியே பெய்யாத ஊரில் இந்தக் கதை எதற்கு?" என்று கேட்கலாம்.

காஞ்சீபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு நெசவு அந்த வட்டாரத்தின் உயிர். பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட வேண்டுமானால் வெயில் வேண்டும். சாயம் தோய்த்த நூல் காய வேண்டுமானாலும் வெயில் வேண்டும். நடுவில் மழை வந்தால் அன்றைய வேலை போச்சு, கூலியும் போச்சு. ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் ஏறினால், தறியே நின்றுவிடும்.

குல்மார்க்கிலோ நிலைமை நேர்மாறு. அங்கே பனி விழுந்தால்தான் பிழைப்பு. சறுக்கக் கற்றுக் கொடுப்பவர், குதிரைக்காரர், சறுக்கு வண்டி இழுக்கும் கூலியாள், ஓட்டல்காரர், எல்லோரும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

ஏனாத்தூரில் மழை வராதிருக்க வேண்டும். குல்மார்க்கில் பனி வர வேண்டும். இரண்டு ஊர்க்காரர்களும் பார்ப்பது ஒரே அறிவிப்பைத்தான். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பு அது. அந்தத் துறை 1875-ல் தொடங்கியது.

அது எந்தப் பனி?

தமிழ்நாட்டில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் ஈரம். காஷ்மீரில் விழுவது வேறு. மேகத்தில் உள்ள நீர், குளிரில் உறைந்து, பஞ்சுத் துகள் போல இறங்குகிறது. வெண்பனி என்பது அதுதான்.

அங்கே டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் கொடுங்குளிர். அதைச் "சில்லை கலான்" என்கிறார்கள். அந்த நாட்களில் விழும் பனிதான் நிலைத்து நிற்கும். பிறகு விழுவது சீக்கிரம் உருகிவிடும்.

பனியைக் கொண்டு வருவது எது? தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவக்காற்று மாதிரி, காஷ்மீருக்கு ஒரு மேற்குக் காற்றுச் சுழற்சி. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக அது வருகிறது. "மேற்கத்திய இடையூறு" என்று அதற்குப் பெயர். பெயர்தான் இடையூறு. காஷ்மீருக்கு அது வரப்பிரசாதம்!

அது வடக்கே விலகிப் போனாலோ, வலு இழந்து வந்தாலோ, குல்மார்க் காய்ந்து கிடக்கும்.

முதல் கேள்வி: எங்கே?

அறிவிப்பைக் கேட்டதும் முதலில் பார்க்க வேண்டியது இடம்.

குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அபர்வத் மலைக்கு ரோப் கார் போகிறது. அது ஏறி நிற்கும் இடம் சுமார் 3,950 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சுமார் 6½ டிகிரி குறையும். அப்படியானால் கீழே 3 டிகிரி இருக்கும்போது, மேலே பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி இருக்கும். அதே மேகம் கீழே மழையாகவும், மேலே பனியாகவும் பெய்யும். "குல்மார்க்கில் பனி" என்ற செய்தி மலையுச்சிக்குச் சரியாக இருக்கும், ஊருக்குத் தவறாகிவிடும்.

சமவெளியிலும் இப்படித்தான். 2015 டிசம்பர் பெருமழையில், ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர். இரண்டுக்கும் நடுவே 30 கிலோமீட்டர் தூரம்கூட இல்லை!

"ஓரிரு இடங்களில் மழை" என்று அறிவிப்பு வந்தால், மழை அளக்கும் இடங்களில் கால் பங்கு, அல்லது அதற்கும் குறைவான இடங்களில் பெய்யும் என்று பொருள். காஞ்சீபுரம் மாவட்டத்துக்கு அப்படி ஓர் அறிவிப்பு வருகிறது. ஏனாத்தூரில் ஒரு சொட்டும் இல்லை. அறிவிப்பு பொய்யா? இல்லை. பக்கத்து ஊரில் பெய்திருக்கும்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு?

24 மணி நேரத்தில் சுமார் 6½ சென்டிமீட்டர் பெய்தால் கனமழை. 11½ சென்டிமீட்டரைத் தாண்டினால் மிக கனமழை. 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை.

அறிவிப்போடு வரும் நிறங்களுக்கும் பொருள் உண்டு. பச்சை என்றால் எச்சரிக்கை ஏதும் இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள்.

பனியின் கணக்கு வேறு. ஒரு சென்டிமீட்டர் மழைக்கான நீர், பனியாக விழுந்தால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். நல்ல குளிரில் மாவு போல் விழுந்தால் 15 சென்டிமீட்டர்கூட நிற்கும். ஈரப்பனியாக இருந்தால் 5 சென்டிமீட்டரோடு சரி. ஆகவே நீரின் அளவைச் சரியாகக் கணித்தாலும், பனியின் உயரம் தவறலாம். வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி மாறினால் போதும்.

மூன்றாவது கேள்வி: எப்போது?

நாளைக்கு, நாளை மறுநாளுக்குச் சொல்வதை ஓரளவு உறுதியாக நம்பலாம். ஒரு வாரத்துக்கு அப்பால் சொல்வது ஒரு குறிப்பு மட்டுமே.

காரணம் என்ன? இன்றைய காற்று, ஈரம், வெப்பம் ஆகியவற்றை வைத்துத்தான் நாளைய கணக்கைப் போடுகிறார்கள். இன்றைய அளவில் சிறு பிழை இருந்தால், நாள் போகப் போக அது பெருகும். பாவில் ஓர் இழை தப்பினால், நெய்து கொண்டே போகும்போது கோளாறு தெரிவதில்லையா? அது போலத்தான்.

"பனிக்கு 60 சதவீத வாய்ப்பு" என்றால் என்ன? இதே மாதிரி பத்து நாட்கள் அமைந்தால், ஆறு நாட்களில் விழும். நான்கு நாட்களில் விழாது. அந்த நான்கில் ஒன்று உங்கள் நாளாக இருக்கலாம்!

விழுந்த பிறகும் மாறும்

பனி விழுந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை.

பகலில் வெயில் மேல்பனியை உருக்கும். இரவில் அது கண்ணாடி போல இறுகும். காலையில் சறுக்கப் போனால் வழுக்கும். மதியம் அதே இடம் சேறு போலாகும். காற்று ஓரிடத்துப் பனியை வாரி இன்னோரிடத்தில் குவிக்கும். பழைய பனி மேல் புதுப்பனி ஒட்டாமல் நின்றால், ஒருவர் கால் வைத்ததும் மொத்தமாகச் சரியும்.

இந்தப் பனிச்சரிவு உயிரையே குடிக்கும். 2023 பிப்ரவரி 1-ந் தேதி அபர்வத் மலையில் நேர்ந்த சரிவில், போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர். 2024 பிப்ரவரி 22-ந் தேதி நடந்த சரிவில் ரஷ்யர் ஒருவர் மாண்டார். அந்த ஆண்டு ஜனவரியில் பனி இல்லையே என்று ஏங்கிய அதே மலை!

ஆகவே பனி விழுமா என்ற அறிவிப்பு வேறு. பனி சரியுமா என்ற எச்சரிக்கை வேறு. இரண்டையும் கேட்க வேண்டும். தடுத்த பாதையில் போகக் கூடாது.

பணம் கட்டும் முன்னே

இன்று தமிழ்நாட்டுக் குடும்பங்களும் பனி பார்க்கக் காஷ்மீர் போகின்றன. பல மாதம் சேர்த்த பணம் அது. செல்போனில் வரும் பனிப் படத்தைப் பார்த்து மட்டும் கிளம்பக் கூடாது. அந்தப் படம் போன ஆண்டுப் படமாக இருக்கலாம். நாளை மாற்றினால் பணம் திரும்புமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். புறப்படும் முன் வானிலைத் துறையின் புதிய அறிவிப்பைப் பார்க்க வேண்டும். நேற்றைய அறிவிப்பு இன்றைக்கு ஆகாது.

பனி குறைவது விளையாட்டோடு நிற்பதும் இல்லை. குளிர்காலப் பனி உருகித்தான் வசந்தத்தில் ஜீலம் நதிக்குத் தண்ணீர். நெல் வயலுக்கும், ஆப்பிள் தோட்டத்துக்கும் அதுதான் ஆதாரம். மலையில் பனி பொய்த்தால், ஏரி காய்ந்த ஊர் போலக் கீழே விவசாயி தவிப்பான்.

வானத்தை யாரும் அடக்க முடியாது. ஆனால் எங்கே, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள எல்லோராலும் முடியும். 2025-ல் குல்மார்க்கில் செய்ததும் அதுதான். பனி இல்லாத தரையில் பிடிவாதமாகப் போட்டியை நடத்தவில்லை. நாளைத் தள்ளி வைத்தார்கள். பனி வந்த பிறகு நடத்தினார்கள்.