கறிவேப்பிலைப் புழுவைக் கொல்லாதீர்கள்!

பட்டாம்பூச்சி என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். புழு என்றால் யாருக்கும் பிடிக்காது. இரண்டும் ஒன்றுதான் என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஆனாலும் கொல்லைப்புறக் கறிவேப்பிலையில் புழு தென்பட்டால் கை முதலில் தேடுவது மருந்து டப்பாவைத்தான்!

அந்தப் புழு பெரும்பாலும் 'கறிவேப்பிலை அழகி'யின் குழந்தை. ஆங்கிலத்தில் காமன் மார்மோன். சிறகை விரித்தால் 9 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருக்கும். கள்ளக்குறிச்சி நகரத்து வீட்டுத் தோட்டமானாலும், கல்வராயன் மலை ஓடைக்கரையானாலும் பார்க்கக் கிடைக்கும் பெரிய கருப்புப் பட்டாம்பூச்சிகளில் இது ஒன்று. ஆண் பூச்சிக்குப் பின்சிறகின் குறுக்கே வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். ஈர மண்ணில் உட்கார்ந்து உப்புச் சத்தை உறிஞ்சுவது பெரும்பாலும் ஆண்கள்தான். இட்லிப்பூவிலும் உண்ணிச்செடிப் பூவிலும் தேன் குடிக்கும்போது கூடச் சிறகு படபடத்துக்கொண்டே இருக்கும்.

தாய்ப்பூச்சி கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் போன்ற ஒரே குடும்பத்துச் செடிகளைத் தேடி, தளிரில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். சில நாளில் புழு வெளியே வரும். முதல் நான்கு பருவத்திலும் அதைப் பார்த்தால் காக்கை எச்சம் மாதிரியே இருக்கும். எச்சத்தை எந்தக் குருவி தின்னும்? அதுதான் தந்திரம். ஐந்தாம் பருவத்தில் உடம்பு பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். பயப்பட வேண்டாம், அது கொட்டாது. உடம்பில் அரிக்கும் ரோமமும் கிடையாது. கம்பளிப்பூச்சி வேறு, இது வேறு. பிறகு பட்டு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். கூட்டின் நிறம் இருக்கும் இடத்துக்குத் தக்கபடி பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் பெண் பூச்சியிடம் இருக்கிறது. பெண்ணுக்கு மூன்று வேடம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் என்ற வேறு பட்டாம்பூச்சிகளின் நகல். அந்த இரண்டும் புழுவாக இருக்கும்போது ஆடுதின்னாப்பாலை வகைச் செடிகளைத் தின்று உடம்பில் நஞ்சைச் சேர்த்துக்கொள்பவை. பறவைகள் அவற்றைத் தொடாது. நஞ்சே இல்லாத நம் அழகி அந்தச் சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு தப்பிக்கிறாள். கண்டுபிடிக்க வழி உண்டு: அசலின் உடம்பு சிவப்பு, நகலின் உடம்பு கருப்பு. ஓர் ஆணுக்குப் பல வகை மனைவியர் இருப்பதுபோல் தோன்றுவதால்தான் அமெரிக்க மார்மோன் சமயத்தாரின் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். இந்த வேடத்தை ஒரே ஒரு மரபணு இயக்குகிறது என்று 2014-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. உலக விஞ்ஞானிகள் மண்டையைக் குடைந்துகொண்ட பூச்சி நம் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பறக்கிறது. நாம் அதற்கு மருந்து அடிக்கிறோம்!

இனி விஷயத்துக்கு வருவோம். புழு இலையைத் தின்னும், அது உண்மைதான். முழங்கால் உயரக் கன்றில் நாலைந்து புழு இருந்தால் கன்று மொட்டையாகிவிடும். கறிவேப்பிலையை நம்பிப் பயிர் செய்யும் விவசாயியிடம் போய் "பட்டாம்பூச்சி அழகு" என்று வசனம் பேசுவதும் நியாயமில்லை. ஆனால் வீட்டு மரத்தின் கதை வேறு. வளர்ந்த மரம் கிளையை ஒடித்தாலே மறுபடி துளிர்க்கிறது. பத்துப் புழு தின்றால் பட்டுப்போகுமா? கன்றாக இருந்தால் புழுவை இலையோடு கிள்ளி, பெரிய கறிவேப்பிலை மரத்திலோ எலுமிச்சையிலோ விட்டுவிடலாம். இரண்டு நிமிட வேலை.

மருந்தடித்த இலை கடைசியில் எங்கே போகிறது? ரசத்துக்கும் தாளிப்புக்கும்தான். பூச்சிமருந்து எச்சம் காரணமாக இந்தியக் கறிவேப்பிலை இறக்குமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் தனி நிபந்தனைகளே விதித்தது. வெளிநாட்டுக்காரன் வயிற்றுக்கு இருக்கும் கவலை நம் வீட்டுக் குழந்தையின் வயிற்றுக்கும் வேண்டாமா? புழு கடித்த இலை, இதில் விஷம் இல்லை என்பதற்கு ஓர் அத்தாட்சி என்றே வைத்துக்கொள்ளலாம்.

தமிழக அரசு 2019-இல் 'தமிழ் மறவன்' என்ற பட்டாம்பூச்சியை மாநிலச் சின்னமாக்கியது. நல்ல காரியம். ஆனால் அது மலைக்காட்டுப் பூச்சி, சமவெளியில் இருக்கும் பலர் அதை நேரில் பார்த்தே இருக்கமாட்டார்கள். காட்டுப் பூச்சியை வனத்துறை பார்த்துக்கொள்ளும். கொல்லைப்புறத்துப் பூச்சிக்கு வனத்துறை வராது. அதற்கு அந்த வீட்டுக்காரர்கள்தான் வனத்துறை. பத்து இலையை விட்டுக்கொடுத்தால் போதும்.