காற்று எழுமுன் கட்டவிழுங்கள்

ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறந்துவிட்டால், கல்முனைக் கரையில் வாழ்வோர் கடலைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். மருதமுனையில் தறியில் இருப்பவரும், சாய்ந்தமருதில் வலை காயவைப்பவரும், காரைதீவில் வயலுக்குப் புறப்படுபவரும் ஒருமுறை கிழக்கே நோக்கிவிட்டே தம் கருமத்தில் இறங்குவர். அந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு. ஆனால் அச்சம் மட்டும் எவரையும் காப்பதில்லை, முன்யோசனையே காக்கும். அதுபற்றியே இவ்வாரம் சில சொற்கள்.

குதிரை வளர்க்கும் நாடுகளிலே, சுழல்காற்று வரும்போது குடும்பத்தையும் குதிரைகளையும் ஒருங்கே காப்பது எப்படி என்று ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் முன்கூட்டியே பேசி முடிவு செய்து வைப்பார்கள். நம் நாட்டிலே குதிரை என்றால் நெடுந்தீவின் கட்டாக் குதிரைகளே நினைவுக்கு வரும். எம் கரையிலோ மாடும் எருமையும் ஆடுமே செல்வம். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்னும் பொருள் தமிழில் உண்டன்றோ? விலங்கு வேறாயினும் வினா ஒன்றுதான்: வீட்டையும் பட்டியையும் ஒரே வேளையில் ஒருவன் காக்க முடியுமா?

விடை காணுமுன், காற்றின் வகைகளை அறிந்து கொள்வோம். மாணவர்கள் அடிக்கடி மயங்கும் இடம் இது. பத்திரிகைகள் ‘மினி சூறாவளி’ என்று எழுதுவது, இடிமுகிலோடு திடீரெனக் கிளம்பி, ஒரு தெருவின் கூரைகளைப் பிடுங்கிவிட்டுச் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும் காற்றை. முகிலிலிருந்து நிலம்வரை தொங்கிச் சுழலும் காற்றுத்தூணும் இவ்வாறே குறுகிய இடத்தில் குறுகிய நேரம் நின்று போவது. சூறாவளியோ கடலிலே பிறந்து, பல நூறு கிலோமீற்றர் அகலத்தில் பரந்து, நாட்கணக்கில் நகர்ந்து வருவது. முன்னது முன்னறிவிப்புக்கு அதிகம் இடம் தராது. பின்னதற்கு வளிமண்டலவியல் திணைக்களம் முன்னதாகவே எச்சரிக்கை விடுக்கிறது. ஆகவே முன்னதற்கு வேண்டுவது பழக்கம்; பின்னதற்கு வேண்டுவது ஆயத்தம்.

இன்னுமொரு கணக்கையும் மனத்திற் பதித்தல் நன்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது பொருள்களைத் தாக்கும் விசை நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ‘சென்ற ஆண்டும் காற்று அடித்தது, கூரை நின்றதே’ என்று வாதிடுவோர் இந்தப் பெருக்கலை மறந்துவிடுகின்றனர்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை முதியோர் இன்னும் மறந்திலர். மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை மாவட்டங்களை அது உலுக்கிற்று. ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். பத்து இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். சேதமுற்ற வீடுகள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம். மட்டக்களப்பு மாவட்டத் தென்னந்தோட்டங்களின் பெரும்பகுதி ஓரிரவில் வீழ்ந்தது. தென்னை வீழ்ந்தால் இளநீரும் எண்ணெயும் மட்டுமா போயின? மீண்டும் வேய்வதற்குக் கிடுகும், மறைப்பதற்கு வேலியும், பல ஆண்டு வருமானமும் கூடவே போயின.

சூறாவளியின் நடுவே ‘கண்’ என்றொரு பகுதி உண்டு. அது நமக்கு மேலாகக் கடக்கும்போது காற்று சட்டென அடங்கிவிடும். மழை ஓயும், சிலவேளை விண்மீன்களும் தெரியும். பேரிடர் நீங்கிற்று என்றெண்ணி, கூரை பார்க்கவும் மாடு பார்க்கவும் வெளியே செல்வோர் பலர். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் பாயும். நம் கிழக்குக் கரைக்கு நேராக மேற்கு நோக்கி வரும் சூறாவளியில், முதலில் வடக்கிலிருந்து வீசிய காற்று கண் கடந்தபின் தெற்கிலிருந்து வீசும். முதற்காற்றுக்குச் சாய்ந்து நின்ற சுவரும் மரமும் இரண்டாவதற்கு வீழும். திடீர் அமைதியை நம்பாதீர் என்பதே இதன் பாடம். மாணவர் ஒரு சிறு விதியையும் கற்றுக்கொள்ளலாம்: நம் அரைக்கோளத்தில், வீசும் காற்றை எதிர்நோக்கி நின்றால், சூறாவளியின் மையம் ஏறத்தாழ நமது வலக்கைப் புறத்தே இருக்கும்.

இனி எம் ஊர்களின் இருப்பை நோக்குவோம். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, நடுவே ஒடுங்கிய மணற்பட்டையில் நெருக்கமாக வீடுகள். மாரியிலே வயல்வெளி வெள்ளக்காடாகும்போது, மேற்கே செல்லும் பாதைகளில் நீர் குறுக்கிடும். கிட்டங்கித் தாம்போதி வழி செல்வோர் இதை நன்கறிவர். இதைவிட ஒரு சங்கடமும் உண்டு. பெரும்போகம் விதைத்தபின் மாடுகளை வயலருகே வைத்திருத்தல் இயலாது; தூரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துச் செல்லவேண்டும். சூறாவளிக் காலமும் அதே நவம்பர், டிசெம்பர் மாதங்களே. எனவே, காற்று வரும் இரவில் வாப்பா பட்டியில், உம்மாவும் பிள்ளைகளும் மூத்தம்மாவும் கரையோர வீட்டில் என்ற நிலை எளிதில் நேர்ந்துவிடும். தமிழ்க் குடும்பங்களிலும் இதே கதைதான். ஒருவரை எதிர்பார்த்து மற்றவர் காத்திருக்கும் அந்த நேரமே உயிர் குடிக்கும் நேரம்.

ஆதலால் முதல் ஏற்பாடு கயிறும் அன்று, கூரையும் அன்று. முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதே. எம் பிரதேசத்தில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது. வீட்டுக்குரியவள் அவளாயின், அதைவிட்டு வெளியேறும் நேரத்தைத் தீர்மானிப்பவளும் அவளாகவே இருக்கட்டும். ‘அவர் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்’ என்ற சொல் அந்த இரவில் வேண்டாம். எச்சரிக்கை வந்ததும் எந்தப் பாடசாலைக்கு, எந்தப் பள்ளிவாசலுக்கு, எந்த உறவினரின் கல்வீட்டுக்குச் செல்வது என்பதைப் புரட்டாசியிலேயே பேசி முடித்துவிடுங்கள். பட்டிக்குச் சென்றவர் குடும்பம் அங்கே பத்திரமாயிருக்கும் என்று நம்பலாம்; வெள்ளத்தை நீந்திக்கொண்டு வெறும் வீட்டைத் தேடி வரமாட்டார்.

இரண்டாவது, வீட்டு ஆயத்தம். அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, மருந்துச் சீட்டு ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி ஒரே இடத்தில் வையுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளரின் ஒருவார மருந்தும் அதிலேயே இருக்கட்டும். வளவில் கிடக்கும் உடைந்த தகரத்தை மாரிக்கு முன்னரே அப்புறப்படுத்துங்கள். காற்றில் பறக்கும் தகரம் கத்திக்குச் சமம். வீட்டின்மேல் சாய்ந்த தென்னையின் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிடுங்கள். தோணியை மேட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். வானொலிக்குப் புதிய மின்கலம், கையடக்கத் தொலைபேசிக்கு நிறைந்த மின்னேற்றம், குடிநீர்ப் பாத்திரங்கள் நிறைய நீர் ஆகியன முதல்நாளே ஆயத்தமாக வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117. அதைச் சுவரில் எழுதிவையுங்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்வதையும், கிராம உத்தியோகத்தர் சொல்வதையும் ‘பார்க்கலாம்’ என்று தள்ளாதீர்கள்.

மூன்றாவது, விலங்குகள். குதிரை வளர்ப்போர் கண்ட அனுபவம் இங்கே நமக்கும் உதவும். உறுதியற்ற லாயத்தில் அடைபட்ட குதிரை, கூரை வீழ்ந்தால் தப்ப வழியின்றி மாளும். பரந்த வெளியில் விடப்பட்டதோ, பறந்துவரும் பொருளையும் பெருகிவரும் நீரையும் கண்டு விலகிக்கொள்ளும். மாடும் அப்படியே. எருமை நன்றாக நீந்தும், பசுவும் நீந்தும். ஆனால் கழுத்துக் கயிறு கட்டையில் இருக்குமாயின் எந்த நீச்சலும் பயன்படாது. எச்சரிக்கை கிடைத்ததும், காற்று எழுமுன்னரே, பட்டியை மேட்டுநிலத்துக்குச் சாய்த்துவிடுங்கள். அதற்கு நேரமில்லையெனில் கயிற்றை அவிழ்த்துப் பட்டியின் வாயிலைத் திறந்துவிடுங்கள். முள்ளுக்கம்பி வேலிக்கும், பட்டுநிற்கும் மரத்துக்கும், மின்கம்பத்துக்கும் அருகில் விடாதீர்கள். தாயும் கன்றும் பிரியாதிருக்கட்டும். வண்டில் மாட்டை நுகத்தோடு நிறுத்திவிட்டு ஓடாதீர்கள்.

அவிழ்த்துவிட்டால் மாடு தொலைந்துபோகுமே என்று கேட்பீர்கள். அதற்காகவே நம் முன்னோர் குறி சுடும் வழக்கத்தை வைத்தனர். இக்காலத்திலே காதில் இலக்கத் தகடு இடுகிறார்கள். குறியும் தகடும் பதிவும் ஒழுங்காக இருந்தால், வெள்ளம் வடிந்தபின் பத்து மைல் அப்பாலும் உரியவர் கண்டெடுக்கலாம். மாட்டின் புகைப்படம் ஒன்றைத் தொலைபேசியில் வைத்திருத்தலும் இன்று இலகுவான காரியம்.

காற்றும் வெள்ளமும் மட்டுமே மாட்டைக் கொல்வன என்று எண்ணிவிடக் கூடாது. 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலைக் கடந்து தமிழ்நாட்டின் கரையை நோக்கிச் சென்றது. நம் கரையை அது நேரே தாக்கவில்லை. எனினும் அந்நாட்களின் குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. தோல் நனைந்து, காற்றில் உடற்சூடு பறிபோய், வயிற்றில் தீனியும் இல்லாவிடில் வெப்பநாட்டு மாடு நெடுநேரம் தாங்காது. வைக்கோலை நனையாமல் மூடிவைத்தலும், காற்று வரும் திசையில் மறைப்பு ஒன்று அமைத்தலும், கன்றுகளையும் மெலிந்தவற்றையும் வேறுபடுத்தி உலர்ந்த இடத்தில் விடுதலும் அற்பச் செலவுடையவை. அவற்றின் பயனோ பெரிது.

நான்காவது, வெள்ளம் குறுக்கிட்ட பாதை. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளிப் பாதையில், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய சிறுவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டு, பல உயிர்கள் பலியாயின. இரு சமூகத்தவரும் ஒன்றாகக் கண்ணீர் விட்ட நாள் அது. நின்ற நீரின் ஆழத்தையே நாம் கணிக்கிறோம். ஓடும் நீரின் விசையைக் கணிப்பதில்லை. முழங்காலளவு நீர் வேகமாக ஓடினால் வளர்ந்த ஆளையே வீழ்த்தும். இரண்டடி நீர் மோட்டார் வண்டியை மிதக்கவைத்து இழுத்துச் செல்லும். பெரிய சில்லுடைய வாகனம் என்ற துணிவு வேண்டாம். ஓரிரவு தங்கிய இடத்தில் பட்டினி கிடந்தாலும் பிள்ளை பிழைத்திருப்பான்.

முன்னறிவிப்பின்றி வரும் மினி சூறாவளிக்கு நேரம் சில விநாடிகளே. யன்னல்களைத் திறந்துவிட்டால் வீடு தப்பும் என்பது பொய் நம்பிக்கை. திறந்த யன்னலால் நுழையும் காற்றே கூரையை உள்ளிருந்து உயர்த்தும். நடு அறைக்குச் சென்று, உறுதியான மேசையின் கீழோ சுவரோரத்திலோ குனிந்து தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். வெளியில் இருப்பவர் மரநிழலையும் தகரக் கொட்டகையையும் நாடாது, பள்ளமான தரையில் குப்புறப் படுத்தல் நன்று. நீர் பாயும் வாய்க்கால் மட்டும் ஆகாது.

இவை அனைத்தினும் கடினமான விதி ஒன்று இருக்கிறது. காற்று எழுந்தபின் மாட்டைத் தேடி எவரும் செல்லலாகாது. சொல்வது எளிது என்பதை நான் அறிவேன். அந்தப் பட்டி ஒரு மகளின் சீதனமாயிருக்கலாம். ஒரு மகனின் பல்கலைக்கழகச் செலவாயிருக்கலாம். காலையில் பாலும் தயிரும் விற்று வந்த காசிலேயே அடுப்பெரியும் வீடுகள் இங்கே பல. அவ்விலங்குகளின் அலறலைக் கேட்டுக்கொண்டு உள்ளே இருப்பது கல்நெஞ்சருக்கும் அரிது. ஆயினும் இழந்த மாட்டைக் கடன்பட்டேனும் மீண்டும் வாங்கலாம். தகப்பனை எந்தச் சந்தையில் வாங்குவது? அந்த இரவில் இத்தகைய தேர்வு நம்முன் வராதிருக்க வேண்டுமெனில், கயிறு பகலிலேயே அவிழ்ந்திருக்க வேண்டும். விலங்கின்மேல் அன்புடையவன் முந்திக் கட்டவிழ்ப்பான்; பிந்தி ஓடமாட்டான்.

காற்று ஓய்ந்தபின்னும் அவசரம் கூடாது. அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதியாதீர்கள். மணற்பாங்கான நம் நிலத்தில் கிணறு ஆழமற்றது. வெள்ளம் புகுந்த கிணற்றுக்குக் குளோரின் இடும்வரை நீரைக் கொதிக்கவைத்தே பருகுங்கள். இறந்த விலங்குகளைக் கிணற்றுக்குத் தொலைவில் ஆழப் புதையுங்கள். வயற்சேற்றில் இறங்குவோர் காற்புண்ணை மூடிக்கொள்ளட்டும். எலிக்காய்ச்சல் அவ்வழியே நுழைவது.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இந்நாட்டைக் கடந்தபோது 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் கடற்கரையில் அல்ல, மலைநாட்டு மண்சரிவுகளிலே மாண்டனர். ஒவ்வொரு முறையும் பேரிடர் வேறொரு வாயிலால் வருகிறது என்பதை அது மீண்டும் காட்டிற்று. ஆகவே சென்ற முறை நேர்ந்ததற்கு மட்டும் ஆயத்தமாதல் போதாது.

மாணவச் செல்வங்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் கூடியிருப்பீர்கள். உணவருந்தி முடிந்ததும் பெரியவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நாம் எங்கே செல்வோம்? யார் சொல்லிப் புறப்படுவோம்? மாட்டை யார், எப்போது அவிழ்ப்பார்? மூன்றுக்கும் ஒரே குரலில் விடை வரும்வரை விடாதீர்கள்.