உபரி என்று ஒரு சொல்!



அடுத்தவன் கொல்லையைக் கவர எண்ணுபவன் எடுத்த எடுப்பில் வேலியைப் பிடுங்குவதில்லை. “இவ்வளவு இடம் உனக்கெதற்கு?” என்றுதான் பேச்சைத் தொடங்குவான்.

அமெரிக்காவிலே நடந்ததைக் கேளுங்கள். போரிலே கையிழந்து, காலிழந்து வந்த சிப்பாய்களுக்கென்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1888-ல் ஒரு செனட்டரும் ஒரு சீமாட்டியும் நிலம் ஈந்தனர். இல்லம் எழுந்தது, மருத்துவமனை வளர்ந்தது. பிறகு? எஞ்சிய 388 ஏக்கரில், தனியார் பள்ளிக்கு ஆடுகளம்! பல்கலைக்கழகத்துக்குப் பேஸ்பால் திடல்! ஓட்டல் துணி வெளுக்க ஓரிடம், சினிமா செட் அடுக்க ஓரிடம்! உரிமைக்காரச் சிப்பாயோ வேலிக்கு வெளியே, நடைபாதைக் கூடாரத்தில்! விற்றார்களா? இல்லை, குத்தகை விட்டார்கள், அவ்வளவே!

சிப்பாய்கள் நீதிமன்றம் ஏறினர். அந்தக் குத்தகைகள் செல்லாது என்று 2013-ல் தீர்ப்பு. 2024-ல் மற்றொரு நீதிபதியும் அதையே சொல்லி, அங்கே வீடு கட்டிக்கொடு என்றார். அரசோ மேல்முறையீட்டுக்கு ஓடிற்று!

ஆவடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பீர்கள். 2021 அக்டோபர் 1-ல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டது. நமது டாங்கித் தொழிற்சாலை கம்பெனியின் கைக்குப் போயிற்று. 2022 மார்ச்சில், அரசுக் கம்பெனிகளின் ‘உபரி’ நிலத்தைப் பணமாக்கத் தனிக் கழகம் அமைக்க டில்லி ஒப்புதல் தந்தது. ஆவடி மருத்துவமனை மனைக்கு விலை பேசியாயிற்று என்று நான் கூறவில்லை. எது உபரி என்று சொல்லப்போவது யார்? டாங்கியைச் செய்தவனா, அதை ஓட்டிப் போருக்குப் போனவனா, கணக்கேட்டைப் புரட்டுபவனா?

குத்தகைதானே, திரும்பி வரும் என்பார்கள். கிண்டி குதிரைப் பந்தயத் திடலைப் பாருங்கள்! 1945-ல் 160 ஏக்கர், 99 ஆண்டுக்கு. வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சில்லறை. ஏக்கருக்கு நான்கு ரூபாய்கூட இல்லை! அந்தக் குத்தகையைத் தமிழ்நாடு அரசு ரத்து செய்ய 2024 ஆயிற்று.

ஆகவே கேட்போம்: மருத்துவமனை நிலம் எத்தனை ஏக்கர், சர்வே எண் என்ன? வெளியிடுக! மருத்துவத்துக்கே உரியதென ஏட்டிலே எழுதுக! தொழிற்சங்கத்தையும் ஓய்வூதியரையும் முன்னாள் படைவீரரையும் கேளாமல் குத்தகைத் தாளில் கையெழுத்திடாதிருக்க!

இன்று காலியாய்க் கிடக்கும் மனையில் நாளை ஒரு வார்டு எழலாம். கடைவீதி எழுந்துவிட்டால், வார்டு எழாது!