ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு டிரைவரா பொறுப்பு?

தோட்டத்துப் பழைய லோரியின் ஸ்டீயரிங் ஆடுகிறது என்று டிரைவர் போய்ச் சொன்னால், பல நிர்வாகங்கள் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: "பழைய வண்டி அப்படித்தான் இருக்கும், பார்த்து ஓட்டு."

பார்த்து ஓட்டு என்றால் என்ன பொருள்? கண் பார்க்கும், கை திருப்பும். கை திருப்பியதைச் சக்கரம் கேட்காவிட்டால் கண் பார்த்து என்ன பயன்? பள்ளமும் மேடுமான செம்மண் பாதை, பாதி நிறைந்து அலைமோதும் பால் டாங்கி, எதிரே சைக்கிளில் வரும் பால்வெட்டுத் தொழிலாளி. இவற்றுக்கு நடுவே ஆடும் ஸ்டீயரிங்கை டிரைவரின் கையில் கொடுத்துவிட்டு, புத்திமதியையும் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

வண்டி பழசானதால் ஸ்டீயரிங் ஆடுவதில்லை. தேய்ந்த சாமானை மாற்றாததால்தான் ஆடுகிறது. வயதின் மேல் பழியைப் போடுவது, செலவைத் தள்ளிப் போடுவதற்கான சாக்கு.

தேய்ந்தது எது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். இரண்டு ஆள் போதும். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரங்களை நேராக வைக்க வேண்டும். ஒருவர் மேலே அமர்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைக்கட்டும். மற்றவர் கீழே, ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும். எந்த மூட்டில் இந்தப் பக்கம் அசைந்தும் அந்தப் பக்கம் தாமதிக்கிறதோ, அங்கேதான் தேய்மானம். பெட்டியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும். அவை தளர்ந்திருந்தால் பெட்டியே அசையும்.

பிறகு முன் அச்சை ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால், பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் நின்றால் சக்கரத்து பேரிங். நிற்காவிட்டால் பெரும்பாலும் கிங்பின். அரை மணி நேர வேலை இது.

ஆனால் நடப்பது என்ன? ஸ்டீயரிங் பெட்டியின் மேல் ஒரு திருகாணி உண்டு. அதை இறுக்கிவிட்டு, "ரிப்பேர் முடிந்தது" என்று எழுதச் சொல்கிறார்கள். அந்தத் திருகாணி பெட்டிக்குள் இருக்கும் பற்களின் இடைவெளியைச் சரிசெய்ய மட்டுமே. மூட்டில் உள்ள தேய்மானத்தை அது தொடாது. அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்டீயரிங் கனத்துப் போகும். வளைவில் திருப்பியபின் தானாக நேருக்குத் திரும்பாது. உள்ளே இருக்கும் பற்களும் சீக்கிரம் தேயும். நோய் காலில் இருக்க, தலைக்குப் பத்துப் போடும் வைத்தியம் இது!

மூட்டு தேய்ந்தால் மூட்டையே மாற்ற வேண்டும். நட்டுக்குக் குறுக்கே புது ஊசிமுளை போட வேண்டும். பழையதை நிமிர்த்திச் செருகுவதும், கம்பியைச் சுற்றிக் கட்டுவதும் கூடாது. மாற்றியபின் சக்கரங்களின் நேர்மையை அளந்து சரிசெய்ய வேண்டும். இல்லையேல் புது டயரும் ஒரு பக்கமாகத் தேயும். மிச்சம் பிடித்த காசு டயரில் போகும்.

சாமான் விலை அதிகம் என்கிறார்கள். நான் ஒரு கிராணி, கணக்கு எழுதுகிறவன். மூட்டின் விலை ஒரு முறை எழுதப்படும். விபத்தின் விலையை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரியும் கலகத் தடுப்புப் போலீஸ் லோரியும் மோதின. ஒன்பது போலீஸ்காரர்கள் மாண்டார்கள். போக்குவரத்து அமைச்சின் சிறப்புக் குழு ஆராய்ந்து, கல் லோரியின் ஸ்டீயரிங் அமைப்பு பழுதுபட்டதையும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருந்ததையும் எடுத்துச் சொன்னது. இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

"பரிசோதனையில் பாஸாகிவிட்டதே" என்பது இன்னொரு சாக்கு. சரக்கு லோரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை. அது அந்த ஒரு நாளின் நிலையைத்தான் சொல்லும். மற்ற நாட்களுக்கு யார் பொறுப்பு? சட்டம் பதில் சொல்கிறது: முதலாளி. 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலைக்குரிய இயந்திரங்களைப் பத்திரமான நிலையில் வைத்திருக்கும் கடமையை அவர்மேல் வைத்திருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் அபராதத்தின் உச்சம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. அதே நாள் முதல், உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது.

ஆனால் வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும். தம்போயில் இருக்கும் நாமும் உள்நாட்டுத் தோட்டங்களில் இருக்கும் தோழர்களும் ஒரே குரலில் கேட்க வேண்டியவை இவை:

1. ஒவ்வொரு லோரிக்கும் ஒரு புகார்ப் புத்தகம். டிரைவர் தேதியோடு எழுத வேண்டும். நிர்வாகம் கையெழுத்திட வேண்டும். நகல் டிரைவரிடம் இருக்க வேண்டும்.

2. மாதம் ஒரு முறை மேலே சொன்ன சோதனை, வேலை நேரத்தில், சம்பளத்தோடு.

3. ஸ்டீயரிங் புகார் உள்ள வண்டி, பழுது தீரும் வரை பாதைக்கு வரக் கூடாது. அந்த நாட்களில் டிரைவருக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது.

கிராணித் தோழர்களே! பேனா நம் கையில் இருக்கிறது. திருகாணியை இறுக்கியதற்கு "ரிப்பேர் முடிந்தது" என்று எழுத மறுப்போம். நடந்ததை நடந்தபடி எழுதுவோம். பால்வெட்டுத் தோழர்களே! டிரைவர் புகார் எழுதும் நாளில் அவரைத் தனியே விடாதீர்கள். அந்த லோரி வரும் பாதையில்தான் நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நடக்கிறீர்கள்.